கையும் எந்திரமும்: வைரஸ் ஆய்வகத்தில் கால் வைக்கும் உனக்கு

கண்ணு,

வயிற்றுப்போக்கு வைரஸ்களைத் தேடும் ஆய்வகத்தில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். இதுவரை கையால் செய்துவந்த முறையையும் புதிதாக வந்திறங்கிய தானியங்கி எந்திரத்தையும் ஒப்பிட்டு அறிக்கை தருவதுதான் உன் முதல் பொறுப்பாம். நல்ல வேலை, கொஞ்சம் பொல்லாத வேலையும்கூட. உன்னைச் சுற்றி இரண்டு கட்சி இருக்கும். ‘எங்கள் கைக்கு எந்திரம் ஈடாகுமா’ என்று ஒரு கட்சி கேட்கும். ‘இனிமேல் கைக்கு என்ன வேலை’ என்று மற்றது கேட்கும். நீ எதிலும் சேராதே. கை தவறினால் ஒரு குழாய் கெடும். எந்திரம் தவறினால் தட்டு முழுவதும் ஒரே சீராகக் கெடும். இந்த ஒரு வித்தியாசத்தை நெஞ்சில் வைத்துக்கொள். நாங்கள் பட்டுத் தெளிந்ததில் உனக்கு உதவக்கூடியதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் உன் கை பழகட்டும். எந்திரத்தின் பொத்தான்களை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது கையால் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். மலத்தைப் பஃபரில் பத்து சதவீதமாகக் கரை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததில் 140 மைக்ரோலிட்டர் எடு. குவானிடின் உப்புள்ள கரைசல் வைரஸின் புரத உறையை உடைக்கும். ஆல்கஹால் சேர்த்துச் சிலிக்கா சவ்வில் ஊற்றினால் ஆர்.என்.ஏ. அதைப் பற்றிக்கொள்ளும், மற்றது வடிந்துவிடும். இருமுறை கழுவி, கடைசியில் 60 மைக்ரோலிட்டரில் இறக்கு. 1990இல் நெதர்லாந்தில் பூம் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட வழியின் வாரிசு இது. உன் புது எந்திரம் செய்வதும் பெரும்பாலும் இதையேதான். சவ்வு இருந்த இடத்தில் சிலிக்கா பூசிய காந்த மணிகள் இருக்கும், சுழற்சியின் வேலையைக் காந்தம் பார்க்கும். எங்கள் ஆசிரியை, கையால் செய்யத் தெரியாதவரை எந்திரத்தின் மூடியைக்கூடத் திறக்க விடமாட்டார். அது பழமைப்பிடிவாதம் என்று அன்று முணுமுணுத்தவர்கள், பாதி ரன்னில் எந்திரம் நின்றபோது எந்தக் கட்டத்தில் நின்றது, எதைக் காப்பாற்றலாம் என்று தாமே சொன்னார்கள்.

2. மாதிரியிடம் மரியாதையாக இரு. மலம் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது. உன் மேசைக்கு வரும் சின்னக் குப்பியில் ஒரு குழந்தையின் அவதியும் ஒரு தாயின் தூக்கமில்லா இரவும் இருக்கின்றன. இரத்தத்தைப் போல மலம் ஒரே தன்மையோடு வருவதில்லை. ஒன்று தண்ணீராக இருக்கும், இன்னொன்று களியாக இருக்கும். பித்த உப்புகளும் சிக்கலான சர்க்கரைப் பொருள்களும் பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும். கையால் செய்கிறவர் மாதிரியைப் பார்த்ததும் ‘இது கெட்டி, இன்னொரு முறை சுற்றுவோம்’ என்று தாமாகவே சரிசெய்துகொள்வார். எந்திரத்துக்கு அந்தக் கண் கிடையாது; கெட்டியை உறிஞ்சி டிப் அடைத்துக்கொள்ளும், அல்லது பாதி அளவோடு மேலே போய்விடும். ஆகவே எந்திரம் வந்த பிறகு உன் கண்ணுக்கு வேலை கூடுகிறது. வார்டிலிருந்து குப்பியைக் கொண்டுவரும் உதவியாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். ஐஸ் உருகிப்போனதையும் குப்பி வெயிலில் இருந்ததையும் உன்னிடம் மறைக்காமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

3. ‘இல்லை’ என்று எழுத உனக்கு உரிமை வேண்டும். வைரஸ் இருக்கிறது என்று சொல்ல பி.சி.ஆர். திரையில் ஏறும் வளைகோடு இருக்கிறது. இல்லை என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆர்.என்.ஏ. வெளியே வராததாலும் இல்லை என்று வரும். வினை முடங்கியதாலும் வரும். உண்மையிலேயே இல்லாததாலும் வரும். மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு மாதிரியிலும் தொடக்கத்திலேயே எம்.எஸ்.2 பேஜ் போன்ற தீங்கற்ற வைரஸ் ஒன்றைத் தெரிந்த அளவில் சேர்த்துவிடுகிறோம். அது கடைசிவரை வந்து சேர்ந்தால்தான் உன் ‘இல்லை’ செல்லும். ஒருமுறை ஒரு தட்டு முழுக்க நெகட்டிவாக வந்தது. எந்திரமோ ரன் நல்லபடி முடிந்தது என்று பச்சை விளக்கைக் காட்டியது. சேர்த்த பேஜும் எங்கேயும் தென்படவில்லை. காந்த மணிகள் குப்பியின் அடியில் படிந்திருக்க, யாரோ குலுக்காமல் மேல்நீரை மட்டும் ஊற்றியிருந்தார்கள். பேஜ் என்ற அந்த உள்கன்ட்ரோல் இல்லாதிருந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் அன்று பொய் எழுதியிருப்போம். சந்தேகமான மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்க வைத்தும் ஓட்டிப் பார். நீர்த்த பிறகு சமிக்ஞை வலுத்தால், அங்கே ஏதோ தடை இருக்கிறது என்று புரிந்துகொள்.

4. ‘ஆம்’ என்பதையும் சட்டென்று நம்பிவிடாதே. நோரோவைரஸ் தாக்கியவரின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கக்கூடும். மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளி, பக்கத்துக் குழாயைப் பாசிட்டிவ் ஆக்கப் போதும். கையால் செய்யும்போது கையுறையும் அவசரமும் எதிரிகள். எந்திரத்தில், தட்டின் மேல் நகரும் டிப்பிலிருந்து சொட்டும் துளி எதிரி. புது எந்திரத்தைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும் மாதிரி, வலுவான பாசிட்டிவையும் சுத்தமான தண்ணீரையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்து ஓட்டு. தண்ணீர் வைத்த கிணறு (தட்டின் குழி) ஒன்றிலும் வைரஸ் தெரியக்கூடாது. இதைச் செய்யாமல் எந்த எந்திரத்தையும் வேலைக்கு எடுக்காதே. சுத்த அறையிலிருந்து மாதிரி அறைக்கு, அங்கிருந்து பி.சி.ஆர். பெருக்கும் அறைக்கு என்று ஒரே திசையில் நட. மறந்துபோன பேனாவை எடுக்கக்கூட அதே மேலங்கியோடு திரும்பிப் போகாதே.

5. ஒப்பிடும் நாளில் நீ நீதிபதி. ஒரே குப்பியிலிருந்து, ஒரே நாளில், ஒரே கரைசலைப் பிரித்துக்கொடு. கைமுறைக்குப் புது மாதிரியும் எந்திரத்துக்கு மூன்று முறை உறைந்து உருகியதும் போனால், வழக்கு தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதிவிட்டாய் என்று அர்த்தம். அளவுகளையும் கணக்கிடு. கையால் 140 மைக்ரோலிட்டரை 60 ஆக்கினால் செறிவு சுமார் 2.3 மடங்கு. எந்திரம் 200ஐ 50 ஆக்கினால் நான்கு மடங்கு. வேறெந்தத் திறமையும் இல்லாமலேயே எந்திரம் 1.7 மடங்கு முன்னால் நிற்கிறது. சி.டி. மதிப்பில், அதாவது பி.சி.ஆரில் சமிக்ஞை தென்படும் சுழற்சி எண்ணில், அது ஏறக்குறைய 0.8 சுழற்சி. இதைச் சொல்லாமல் ‘எந்திரம் நுட்பமானது’ என்று எழுதினால் அது விற்பனையாளரின் துண்டறிக்கை ஆகிவிடும். மாதிரிகளுக்குக் குறியீடு போட்டு மறைத்துவிடு, படிப்பவருக்கு எது எதுவென்று தெரியவே கூடாது. பளிச்சென்ற பாசிட்டிவ்களை மட்டும் அடுக்காதே. அவற்றில் எந்த முறையும் தேறிவிடும். சி.டி. 35ஐ ஒட்டி முனகும் பலவீனமானவற்றில்தான் இரண்டின் குணமும் வெளிப்படும்.

6. சதவீதத்தைக் கண்டு மயங்காதே. நூறு மாதிரியில் தொண்ணூறு நெகட்டிவ் என்று வைத்துக்கொள். எதையும் சோதிக்காமல் எல்லாவற்றுக்கும் நெகட்டிவ் என்றெழுதும் சோம்பேறிக்கும் 90 சதவீத ஒற்றுமை கிடைத்துவிடும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கத்தான் காப்பா என்ற அளவுகோல் இருக்கிறது. அந்தச் சோம்பேறிக்கு அது பூஜ்ஜியம் போடும். இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு முறைகளும் முரண்பட்ட மாதிரிகளை மட்டும் எடுத்து மறுசோதனை செய்வார்கள். அப்படிச் செய்தால் எண்கள் ஒரு பக்கமாகத்தான் நகரும், அதுவும் புதுமுறைக்குச் சாதகமாக. இரண்டும் ஒன்றுபோலத் தவறிய மாதிரிகளை யார் தேடுவது? ஒத்துப்போனவற்றிலும் சிலவற்றைக் கண்ணை மூடிப் பொறுக்கி மறுபடி சோதி. நியாயமாக இருப்பது என்றால், நமக்குப் பிடித்த முடிவையும் அதே கண்டிப்போடு விசாரிப்பதுதான்.

7. பழி சொல்லுமுன் முழுப் பாதையையும் நடந்து பார். தெரிந்த ஓர் ஆய்வகத்தில் எந்திரம் வந்த மாதத்திலிருந்து ரோட்டா வைரஸ் குறைந்துபோனது. நோரோ மட்டும் வழக்கம்போல வந்தது. ‘அன்றே சொன்னோமே’ என்று கைக்கட்சிக்குக் கொண்டாட்டம். அங்கே இருந்த அமைதியான இளைஞன் ஒருவன் பழைய செய்முறைத் தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தான். ரோட்டாவின் ஆர்.என்.ஏ. இரட்டை இழை. அடுத்த வினைக்கு முன் 95 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி இழைகளைப் பிரித்து, உடனே ஐஸில் வைக்க வேண்டும். எந்திரத்துக்காகச் செய்முறையைத் திருத்தி எழுதியபோது அந்த வரி விடுபட்டிருந்தது. குற்றம் எந்திரத்தின் மேலும் இல்லை, கையின் மேலும் இல்லை, ஒரு தாளின் மேல்தான் இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பது ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

8. பழைய முறைகளை ஏளனம் செய்யாதே. 1968இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து நார்வாக்கில் ஒரு பள்ளியில் பரவிய வாந்திநோயின் மாதிரியிலிருந்து, 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதுதான் இன்று நோரோ என்று நாம் அழைக்கும் வைரஸ். அடுத்த ஆண்டே மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடல் திசுவில் ரோட்டாவைக் கண்டார்கள். அந்த 1970களிலேயே நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நுண்ணோக்கியின் வழியே குழந்தைகளின் மலத்தில் வைரஸ்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நுண்ணோக்கி மந்தமானதுதான், ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் துகள்களாவது இருந்தால்தான் அதன் கண்ணில் படும். ஆனால் நீ கேட்காத கேள்விக்கும் அது விடை சொல்லும். ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றும் முறையும் அப்படித்தான். ரோட்டாவின் 11 ஆர்.என்.ஏ. துண்டுகள் ஏ வகையில் நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று வரிசையிடும். சி வகையில் நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு. ஏ வகைக்கான எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை மற்ற வகைகளைக் கண்டுகொள்ளாது. எந்திரத்தின் கார்ட்ரிட்ஜும் தன்னிடம் எழுதிக்கொடுத்த பெயர்களை மட்டுமே தேடும். வைரஸ் தன் மரபெழுத்தை மாற்றிக்கொண்டால் பழைய பிரைமருக்கு அது அகப்படாமல் போகலாம். எல்லாம் நெகட்டிவ், ஆனால் வார்டு நிறைய நோயாளிகள் என்றால், அன்று பழைய கருவியின் தூசியைத் தட்டு.

9. கண்டுபிடித்ததெல்லாம் காரணம் ஆகாது. பி.சி.ஆர். மிகச் சிறிய அளவையும் பிடித்துவிடும். நோரோ தாக்கியவர் குணமான பிறகும் வாரக்கணக்கில் வைரஸை வெளியேற்றுவார். ரோட்டாவுக்கு நம் நாட்டில் 6, 10, 14 வாரங்களில் வாய்வழிச் சொட்டு மருந்து தருகிறோம்; அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அதன் பிறகு சில நாளில் எடுத்த மலத்தில் அதுவே தென்படலாம். தடுப்பூசித் தேதியைக் கேட்காமல் ரோட்டா நோய் என்று எழுதிவிட்டால், மருந்து கொடுத்த கையையே தாய் சந்தேகப்படுவாள். ஆனால் நுட்பத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழு இடங்களில், நம் கொல்கத்தாவும் சேர்த்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடி ஜெம்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. சேமித்து வைத்திருந்த அதே மாதிரிகளை அளவுகாட்டும் பி.சி.ஆர். முறையில் மறுபடி சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அடினோவைரஸ் 40, 41 வகைகளின் பங்கு முன்பு கணக்கிட்டதைவிடச் சுமார் ஐந்து மடங்காக உயர்ந்தது. இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் எவ்வளவு இருக்கிறது என்றும், நோயில்லாப் பிள்ளைகளிடம் எவ்வளவு என்றும் கேட்டதால் கிடைத்த தெளிவு அது.

10. வேகம் யாருக்கு வேண்டும் என்று கேள். ஃபிலிம்அரே போன்ற மூடிய எந்திரம் ஒரு மணி நேர அளவில் 22 கிருமிகளைத் தேடித் தரும்; அவற்றில் ஐந்து வைரஸ்கள். ஜீன்எக்ஸ்பர்ட்டின் நோரோ கார்ட்ரிட்ஜுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். நள்ளிரவில் ஒரு வார்டில் நாலு பேருக்கு வாந்தி என்றால், அந்த விடையை வைத்து அன்றிரவே நோயாளிகளைத் தனியே பிரிக்கலாம். அங்கே விலையைப் பார்க்காதே. ஆண்டு முழுவதும் சேரும் கண்காணிப்பு மாதிரிகளுக்கு அந்த அவசரம் இல்லை. அவற்றைச் சேர்த்து வைத்துத் தட்டு நிரம்பியதும் ஓட்டு. எலைசா போதுமானால் எலைசாவே செய். 96 கிணறுள்ள தட்டை மூன்று மாதிரிக்காக ஓட்டுவது வீண்செலவு. எத்தனை நிமிடம் மிச்சம் என்று கணக்கெழுதும்போது எந்திர நேரத்தையும் கைநேரத்தையும் தனித்தனியாக எழுது. ரன் முடிந்தும் அறிக்கை மறுநாள்வரை மேசையில் கிடக்குமானால், மிச்சமான நிமிடம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மின்சாரம் போனால் பாதி ரன் என்னாகும், பழுது பார்க்க ஆள் எந்த ஊரிலிருந்து வர வேண்டும், கிட் தீர்ந்தால் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் ஒப்பீட்டில் சேர். இவை அறிவியல் இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எழுது.

11. உன் உடம்பைக் காத்துக்கொள். நோரோ தொற்ற மிகச் சில துகள்களே போதும். ஆல்கஹால் ஜெல்லை நம்பாதே. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கைக்குப் பாதுகாப்பு. மேசையைப் பிளீச்சால் துடை. ஆனால் ஒன்றை ஆயுளுக்கும் மறக்காதே: குவானிடின் உள்ள கழிவில் பிளீச்சை ஊற்றாதே, நச்சு வாயு எழும். கைமுறைக் குழாய்களிலும் இந்தக் கழிவு உண்டு, எந்திரத்தின் கழிவுத் தொட்டியிலும் உண்டு. எந்திரத்தின் தொட்டி வெளியே தெரியாது என்பதால் மறப்பது எளிது. சுத்தம் செய்ய வரும் அம்மாவிடம் நீயே நேரில் சொல்லு. சுவரில் ஒட்டிய ஆங்கில அறிவிப்பு அவரைக் காப்பாற்றாது.

12. கையால் செய்தவர்களைத் தலைகுனிய வைக்காதே. உன் அறிக்கை எந்திரத்துக்குச் சாதகமாக வரலாம். பல இடங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் கண்டுபிடிக்கும். ஆளுக்கு ஆள் மாறாத சீர்மையிலும் மிச்சமாகும் கைநேரத்திலும் எந்திரம் முந்தும். சில மாதிரிகள் மட்டும் வரும் நாளிலும் விசித்திரமான மாதிரியிலும் கை முந்தும். எதுவானாலும், பல ஆண்டுகள் பைப்பெட் பிடித்து மணிக்கட்டு வலியோடு நிற்கும் மூத்த டெக்னீஷியனிடம் முதலில் காட்டிவிட்டு மேலே அனுப்பு. ‘இந்த எண் எனக்கு ஒட்டவில்லையே’ என்று அவர் நெற்றியைச் சுருக்கினால் நின்று கேள். எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே கொடுக்கச் சொல். அதன் தவற்றை மற்ற எல்லாரையும்விட முன்னதாக மோப்பம் பிடிப்பவர் அவர்தான்.

13. விளக்கத் தெரிந்ததில் மட்டும் கையெழுத்துப் போடு. விடை பிடிக்காவிட்டால் பிடிக்கும்வரை ஓட்டி, கடைசி ஓட்டத்தை மட்டும் எழுதும் பழக்கம் மெல்லத் தொற்றும். அதற்கு இடம் கொடுக்காதே. தோற்ற ரன்னையும் ரெஜிஸ்டரில் பேனாவால் எழுது, அடித்தால் ஒற்றைக் கோட்டால் அடி, பக்கத்தில் தேதி போடு. எல்லையில் நிற்கும் மாதிரியை ‘உறுதியில்லை, மறுமாதிரி தேவை’ என்று எழுத வெட்கப்படாதே. அந்த ஒரு வரிக்காக எந்த நல்ல மருத்துவரும் உன்மேல் கோபப்பட மாட்டார். ‘எந்திரம் அப்படிச் சொன்னது’ என்பதும் ‘அந்தக் கைக்குத் தப்பாது’ என்பதும் விளக்கம் ஆகாது. எந்தக் கன்ட்ரோல் தேறியது, எது தேறவில்லை, ஆகவே இதை எவ்வளவு நம்பலாம் என்று நீ சொல்ல வேண்டும். ஒப்பீட்டு அறிக்கையின் முதல் பக்கத்தில், எந்த முறை எந்த மாதிரிக்கு, எந்த அவசரத்துக்கு, யாருடைய பொறுப்பில் என்று எழுது. எது சிறந்தது என்று ஒற்றை வரியில் கேட்பார்கள், அப்போதும் இந்த நான்கையும் சேர்த்தே சொல். எந்திரத்தை வாங்கிய பிறகும் மாதம் ஒருமுறை சில மாதிரிகளைக் கையாலும் செய்து ஒப்பிட்டுக்கொண்டே இரு, அதை யார் செய்வது என்று பெயரோடு அட்டவணையில் எழுதி வை.